மிச்சமான நேரம் யாருக்கு?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் என் ரூம் மேட் சொன்னான்: "நீ வழக்கம்போல ஒரு கவிதை எழுதிக் குடுத்துடு மாப்ளே, சுலபமா முடிஞ்சுடும்." போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நிலாவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எழுதிக் கொடுத்தவன்தான் நான். இந்த வருடம் மனசு வரவில்லை. காரணம், செமஸ்டர் லீவில் போன இன்பிளான்ட் டிரெயினிங்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். பதினைந்து நாள் அங்கே. அந்த மில்லில்தான் என் அம்மா பதினோரு வருடம் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தார். விடியற்காலை ஷிப்டுக்கு மில் பஸ் ஏறிப் போகும் அம்மாவைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். கையில் நாட்டரை மாட்டிக்கொண்டு, அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவதுதான் அவர் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. இப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அம்மாவின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ முறுக்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்த இடத்தில் ஆட்டோகோனர் நிற்கிறது. நூல் அறுந்தால் அதற்கே தெரிகிறது. நூலில் தடிப்போ மெலிவோ இருந்தால் எலக்ட்ரானிக் கிளியரர் கண்டுபிடித்து வெட்டிவிடுகிறது. வெட்டிய இரண்டு நுனிகளையும் ஸ்பிளைசர் காற்றாலேயே முறுக்கிச் சேர்த்துவிடுகிறது. முடிச்சு என்ற பேச்சே கிடையாது! மெயின்டனன்ஸ் பிட்டர் அண்ணன் ஒருவர் கவரைக் கழற்றி ஒவ்வொன்றாகக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன், நான் வாய் பிளந்து நின்றேன். நம்ம லேப்பில் நியூமேட்டிக்ஸ் பெஞ்சில் ஒரு சிலிண்டரை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டியதற்கே கைதட்டிய ஆட்கள் நாம். அங்கே அது நூற்றுக்கணக்கில், மில்லி செகண்டில் நடக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பனியன் பீஸ்களைக் குவித்து வைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். மில் வேலை போன பிறகு இப்போது பீஸ் ரேட்டில் அதுதான். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அத்தனைக்கும் எத்தனை பேரு கண்ணு நிக்கறாங்க?"

"ஒரு மிஷினுக்கு ஒருத்தர்தாம்மா. அதுவும் ஒடிசாப் பொண்ணு ஒண்ணு. ஹாஸ்டல்ல தங்கியிருக்கு."

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, தன்னோடு ஒரே லைனில் நின்ற அக்காமார் பெயரையெல்லாம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். எட்டுப் பேர் வந்தது. அதில் இருவர் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள். ஒருவர் கேட்டரிங் சமையலில் பாத்திரம் கழுவுகிறார். மற்றவர்கள் எங்கே என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து என் மண்டையைக் குடைவது இதுதான். எட்டுப் பேர் செய்த வேலையை ஒருவர் செய்கிறார். அப்படியானால் ஏழு பேருடைய உழைப்பு மிச்சம் ஆகியிருக்கிறது. மிச்சம் என்றால் நல்ல விஷயம்தானே? எட்டு மணி நேரம் காலில் நின்று வெரிகோஸ் நரம்பு புடைக்க உழைப்பது யாருக்கும் பெருமை இல்லை. அந்த மிஷின் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மிச்சமான அந்த நேரம், அந்தப் பணம், எங்கே போச்சு?

"முதலாளி பாக்கெட்டுக்குத்தான்" என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கிவிடலாம். நான் பார்த்த வரையில் முழுக் கதை அப்படியில்லை. அந்த மில் முதலாளியே வங்கிக் கடனில்தான் மிஷின் வாங்கியிருக்கிறார் என்று பிட்டர் அண்ணன் சொன்னார். பஞ்சு விலை ஏறினால் அவருக்கும் தூக்கம் கிடையாது. கொஞ்சம் பங்கு வட்டியாக வங்கிக்குப் போகிறது. கொஞ்சம் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போகிறது. ஆட்டோகோனருக்குப் பெயர் போன ஷ்லாஃப்ஹார்ஸ்ட், சாவியோ, முராட்டா எல்லாம் அந்த ஊர்களில் தொடங்கிய கம்பெனிகள்தானே. கொஞ்சம் நூல் வாங்குபவருக்கு, கடைசியில் எங்கோ ஒரு ஷோரூமில் டி ஷர்ட் வாங்குபவருக்கு, விலைக் குறைவாகப் போய்ச் சேருகிறது. பங்கு போட்ட இடத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், அம்மாவையும் அந்த ஏழு பேரையும் தவிர.

இதில் எனக்கு ஆத்திரம் வந்த இடம் ஒன்று உண்டு. 1999-ல் மத்திய அரசு ஜவுளித்துறைக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. மில்காரர்கள் "டஃப் ஸ்கீம்" என்பார்கள். புது மிஷின் வாங்கக் கடன் எடுத்தால் வட்டியில் 5 சதவீதப் புள்ளியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அதாவது பொதுப் பணம். அம்மா தீப்பெட்டி வாங்கும்போது கட்டிய வரியும் அதில் இருக்கிறது! சரி, தொழில் வளர வேண்டும், கொடுக்கட்டும். வேலை போனவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று தேடினேன். 1986-லேயே ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் ஒன்று இருந்திருக்கிறது. மில் நிரந்தரமாக மூடப்பட்டால் முதல் வருடம் சம்பளத்தில் 75 சதவீதம், அடுத்த வருடம் 50, மூன்றாம் வருடம் 25. நல்ல திட்டம்தான். ஆனால் மில் மூடியிருக்க வேண்டும். மில் ஜோராக ஓடிக்கொண்டிருந்து, மிஷின் வந்ததால் மட்டும் வேலை போனவர்களுக்கு அதில் இடமில்லை. அம்மாவின் மில் மூடவில்லை. நன்றாகவே ஓடுகிறது.

கோவை வட்டாரத்தில் மில் வளர்ந்த கதையே பொதுப் பணத்தின் கதைதான். 1888-லேயே ஸ்டேன்ஸ் துரையின் மில் வந்துவிட்டது. ஆனாலும் 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் கரண்டு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் மில்கள் வரிசையாக முளைத்தன. மலையில் விழுந்த தண்ணீர் யாருடையது? அணை கட்டிய காசு யாருடையது? நாம் படிக்கும் இந்த டிப்ளமோவே அப்படித்தான். நாம் கட்டும் பீஸில் நம்ம வொர்க் ஷாப் லேத்துக்கு ஒரு சக்குகூட வாங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அலாஸ்கா என்று அமெரிக்காவில் ஒரு மாநிலம். அங்கே 1968-ல் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடித்தார்கள். மண்ணுக்கடியில் இருக்கிற எண்ணெய் எல்லாருக்கும் சொந்தம் என்று 1976-ல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, ராயல்டியில் குறைந்தது கால் பங்கை ஒரு நிரந்தர நிதியில் போட்டார்கள். 1982-லிருந்து அந்த நிதியின் வருமானத்தில் ஒரு பங்கு ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கப்பட்டு வருகிறது. கைக்குழந்தைக்கும் உண்டு, கோடீஸ்வரனுக்கும் உண்டு. முதல் வருடம் 1,000 டாலர். 2022-ல் 3,284 டாலர். 2025-ல் மறுபடி 1,000 டாலர். ஏறும், இறங்கும். டிவிடெண்ட் என்றுதான் அதற்குப் பெயர். பிச்சை என்றோ இலவசம் என்றோ அங்கே யாரும் அதைச் சொல்வதில்லை.

இதை மெஸ்ஸில் சொன்னதும் ஒரு பெரிய சண்டையே வந்துவிட்டது. "சும்மா காசு குடுத்தா எவன்டா வேலைக்குப் போவான்? சோம்பேறி ஆயிடுவானுங்க" என்றான் எலக்ட்ரிக்கல் நண்பன் ஒருவன். அவன் அப்பாவுக்கு டவுனில் நான்கு கடை வாடகைக்கு விட்டிருக்கிறது. மாதம் பிறந்தால் வாடகை சும்மாதான் வருகிறது. அவர் சோம்பேறியா என்று கேட்டேன். சாம்பார் வாளியை என் பக்கம் நகர்த்தாமல் பழி வாங்கினான். (இப்போது சமாதானம் ஆகிவிட்டது.)

அவன் கேள்வி நியாயமானதுதான், விளையாட்டாகத் தள்ளக் கூடாது. நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் 2011-ல் சேவா அமைப்பு யுனிசெஃப் உதவியோடு எட்டு கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய் என்று நிபந்தனை இல்லாமல் கொடுத்துப் பார்த்தது. பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். ஜனங்கள் வேலையை விட்டுவிடவில்லை. கடன் குறைந்தது, சொந்தமாகச் சிறு தொழிலும் விவசாயமும் செய்தது கூடியது என்றே ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். 2023 செப்டம்பரில் நம் மாநிலத்தில் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள். அரசியல் இருக்கட்டும், அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பணம் அம்மாவுக்கு வந்த பிறகும் பிசிறு வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை. ராத்திரி பதினொன்று மணி வரை வெட்டுவதை ஒன்பதரைக்கு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்காகப் பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்கிறவர்களையும் என்னால் நம்ப முடியவில்லை. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை எல்லாருக்கும் அடிப்படை வருமானம் என்று ஒரு அத்தியாயமே எழுதியது. ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று கணக்கும் போட்டது. மாதத்துக்கு 635 ரூபாய்! ஹாஸ்டல் மெஸ் பில்லுக்குக் காணாது. அதிலும் இப்போதிருக்கிற மானியங்களுக்கு மாற்றாக என்ற பேச்சு வேறு. ரேஷன் கடையை மூடிவிட்டுக் கையில் காசு கொடுத்தால் என்ன ஆகும்? அரிசி விலை ஏறினால் 635 ரூபாய் 635 ரூபாயாகவேதான் இருக்கும். 1997-ல் மற்ற மாநிலங்கள் ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு எல்லாருக்கும் என்று வைத்துக்கொண்டது. அம்மாவுக்கு வேலை போன அந்த ஐந்து மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது ரேஷன் அரிசியால்தான். அது எங்களுக்கு ஏழை என்று யாரும் சர்டிபிகேட் கொடுத்ததால் வந்ததல்ல. கார்டு இருந்தது, வந்தது. மிஷின் யுகத்தில் செல்வத்தைப் பங்கு போடுவது பற்றிப் பெரிய பெரிய மேதைகள் பேசுகிறார்கள். முதலில் இருப்பதைப் பிடுங்காமல் இருந்தால் போதும் என்று தோன்றுகிறது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியத் தொழிற்சாலைகளில் 1922 சட்டப்படி வாரத்துக்கு 60 மணி நேர வேலை. 1934-ல் அது 54 ஆனது. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில் கொண்டுவந்த திருத்தத்தால் 1946-ல் 48 ஆனது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமும் அதையே வைத்தது. கவனியுங்கள், 24 வருடத்தில் 12 மணி நேரம் குறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு? 48, 48, 48... முக்கால் நூற்றாண்டு ஆகியும் 48-தான். இந்த முக்கால் நூற்றாண்டில் மிஷின் சும்மா இருந்ததா? இன்றைய ரிங் பிரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அந்தக் காலத்து ஸ்பிண்டில் அதில் பாதிதான் சுற்றும். ஸ்பிண்டில் வேகம் இரட்டிப்பானது, ஆள் எண்ணிக்கை சுருங்கியது, மனிதன் நிற்கும் நேரம் மட்டும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

குறைவதாவது! 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணிக்கு மேல் போகாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்று விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்து, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவிப்பு வந்தது. 1930-ல் கெயின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர், நூறு வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்று எழுதினார். 2030 இதோ வாசலில் நிற்கிறது. நாம் 12 மணி நேர ஷிப்டைத் தடுத்ததற்கே பட்டாசு வெடிக்கிறோம்.

நான் சொல்வது இதுதான். 8 மணி நேர ஷிப்ட் மூன்று ஓடும் இடத்தில், நாள் கூலியைக் குறைக்காமல் 6 மணி நேர ஷிப்ட் நான்கு ஓட்டினால், ஷிப்டுக்கு நூறு பேர் என்றால் 300 பேர் இருந்த மில்லில் 400 பேருக்கு வேலை. கூலிச் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடும். நூல் விலையில் பெரும்பகுதி பஞ்சுக்கே போய்விடுகிறது. உதாரணத்துக்குக் கூலி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் விலை மூன்று ரூபாய் சொச்சம் ஏறும். அந்தப் பத்து என்பது என் ஊகம், அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் நடக்காத காரியம் என்று சொல்கிறவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். 1993-ல் வோக்ஸ்வாகன் கார் கம்பெனியில் சுமார் 30,000 பேர் வேலை போகும் நிலை. வீட்டுக்கு அனுப்பாமல் எல்லாருக்கும் வாரத்துக்கு 28.8 மணி நேரம் என்று சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். வருடச் சம்பளமும் குறைந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊர் மில் மட்டும் 6 மணி நேரம் என்றால் பக்கத்து மாவட்ட மில் அடித்துச் சாப்பிட்டுவிடும். தமிழ்நாடு முழுக்க என்றால் குஜராத். இந்தியா முழுக்க என்றால் வியட்நாம். இதற்கு என்னிடம் முழு விடை கிடையாது. 1922-லும் 1934-லும் இதே வாதத்தை மில் முதலாளிகள் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? குறைத்த பிறகும் மில்கள் பெருகத்தான் செய்தன.

நிதிக்கு என்ன வழி என்பார்கள். ரோபோவுக்கு வரி போடலாம் என்று 2017-ல் பில் கேட்ஸே சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாலிடெக்னிக் மாணவனிடம் கேளுங்கள், ரோபோ என்றால் எது? ஆறு ஆக்ஸிஸ் கை இருந்தால்தானா? பி.எல்.சி. வைத்த கன்வேயர் ரோபோவா? சர்வோ மோட்டார் போட்ட தையல் மிஷின்? வீட்டு மோட்டாரைத் தானாக நிறுத்துகிற புளோட் சுவிட்ச்? எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் நாமே கவரை மாற்றி ஏமாற்றிவிடுவோம். ஆகவே மிஷினை எண்ணுவது வேலைக்காகாது.

மாறாக, கட்டுமானத் தொழிலைப் பாருங்கள். ஒரு கொத்தனாருக்கு நிரந்தர முதலாளி யார்? யாரும் இல்லை. அதனால் 1996-ல் சட்டம் போட்டு, கட்டடச் செலவில் குறைந்தது 1 சதவீதம் நலநிதியாக வசூலிக்கிறார்கள். நம் வகுப்பிலேயே நலவாரிய அட்டை வைத்துக் கல்வி உதவி வாங்குகிற கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையெழுத்துக்கு அலைய விடுகிறார்கள், லேட்டாகிறது, எல்லாம் உண்மை. இருந்தும் வருகிறது. இதே மாதிரி, பொதுப் பணத்தில் வட்டிச் சலுகையோ மானியமோ வாங்கி மிஷின் போடும் கம்பெனிகள் அதற்கு ஈடாகப் பங்கு எழுதிக் கொடுக்கட்டும். மானியம் என்று சும்மா கொடுப்பானேன்? கொடுத்த பணத்துக்கு ஷேர். அந்த ஷேர்களின் டிவிடெண்ட் ஒரு நிதிக்கு வரட்டும். அலாஸ்காக்காரனுக்கு எண்ணெய், நமக்கு மிஷின். லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் இல்லை, முதலாளிக்கும் அது நியாயம். அதிலிருந்து முதலில் மிஷினால் வேலை போனவர்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. மில் மூடினால்தான் பணம் என்கிற கூத்து கூடாது.

வேலை போகிறவர்கள் பேசித்தான் பங்கு வாங்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. வங்கிகளில் கம்ப்யூட்டர் வந்தபோது ஊழியர் சங்கங்கள் 1983-லும் 1993-லும் நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. ஆளைக் குறைக்காமல் எப்படிப் புகுத்துவது, யாருக்கு என்ன அலவன்ஸ் என்று எழுதி வாங்கினார்கள். அம்மாவின் லைனில் எட்டுப் பேருக்கும் சங்கம் கிடையாது. ஒரு சனிக்கிழமை சூப்பர்வைசர் வந்து, "திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்மா, வேலை இருந்தா சொல்லி அனுப்பறோம்" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மாணவர் சங்க மலரில் இதை எழுத இன்னொரு காரணம், மிஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கப் போவது நாம்தான். ஆட்டோகோனரை இறக்குவதும், லெவல் பார்த்து நிறுத்துவதும், பி.எல்.சி. பால்ட் பார்ப்பதும் டிப்ளமோ படித்தவர்கள். கார் கம்பெனி பாடி ஷாப்பில் வெல்டிங் ரோபோவுக்குப் பாயின்ட் டீச் பண்ணப் போவதும் நாம்தான். அதுவும் டிரெயினி என்ற பெயரில், எத்தனை மாதம் என்று தெரியாமல்! நம்மை வெளியே அனுப்பும் மிஷினுக்கு நட்டு முடுக்கப் போவதும் நமக்கு அடுத்த பேட்ச் பையன்கள்தான்.

அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளில் ஒன்று ஆட்டோகோனர் சர்வீஸ் செய்கிற கம்பெனி. சம்பளமும் பரவாயில்லை. நான் பெயர் கொடுத்திருக்கிறேன். வைவாவில் ஸ்பிளைசர் பற்றிக் கேட்டால் புட்டுப் புட்டு வைப்பேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.